எட்டுப் பேர், ஒரு எஸ்டேட் பங்களா, மூன்று நாள் மழை: சஸ்பென்ஸ் நாவலில் எங்கே இடிக்கிறது?

கேள்வி:
சஸ்பென்ஸ் நாவல், பாதி முடிந்திருக்கிறது. நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் விடுதியாக இயங்கும் ஒரு எஸ்டேட் பங்களா, நவம்பர் மாதம். முன்பின் தெரியாதவர்களாகக் காட்டிக்கொள்ளும் எட்டுப் பேர் சுற்றுலா வந்து தங்குகிறார்கள், ஆளுக்கொரு ரகசியம். இரவு மண்சரிவில் மெயின் ரோடு அடைபட்டு மூன்று நாள் யாரும் வெளியேற முடியவில்லை. இரண்டாம் நாள் காலை ஒருவர் பிணமாகக் கிடக்கிறார். படித்தவர்கள் கேட்பது: ரோட்டைச் சரிசெய்ய மூன்று நாளா? செல்போன் எல்லாம் என்ன ஆச்சு? அந்த எட்டுப் பேரில் இருவருக்கு முன்பே பழக்கம் என்பதற்கு முன்கூட்டித் துப்பே இல்லையே? எப்படிச் சரிசெய்வது?

பதில் 1:
முதலில் மாதமும் இடமும் பொருந்தவில்லை. அவலாஞ்சியில் கொட்டித் தீர்ப்பது தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 91 செ.மீ. பெய்த இடம் அது. நவம்பர்தான் வேண்டுமென்றால் கதையைக் கிழக்குச் சரிவுக்கு, குன்னூர், கோத்தகிரி பக்கம் கொண்டு வாருங்கள். 2009 நவம்பரில் குன்னூர் அருகே கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. மலைக்காரர்கள் அந்த மழையை மறக்கவில்லை, நீங்கள் மாற்றி எழுதினால் முதல் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

அடுத்தது ரோடு. குன்னூரிலிருந்து இறங்க பர்லியார் வழி, கோத்தகிரி வழி. இரண்டும் போனாலும் ஊட்டி, கூடலூர் வழி இருக்கிறது. மெயின் ரோட்டில் மண் விழுந்தால் ஜேசிபி வந்து ஒரு பக்கமாவது திறந்துவிடுவார்கள். மலை ரயில் கல்லாறு–குன்னூர் இடையே நாள்கணக்கில் நிற்கும், உண்மைதான், ஆனால் அதனால் மட்டும் யாரும் அடைபட மாட்டார்கள். ஆகவே மெயின் ரோட்டைத் தொடாதீர்கள். எஸ்டேட்டுக்குள் போகிற தனியார் பாதையையும் அதிலுள்ள ஒரே சிறு பாலத்தையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போகட்டும். ஊரெல்லாம் சரிவு என்றால் அந்தப் பாதை கடைசியில்தான் கவனிக்கப்படும். மூன்று நாள் தாராளம்.

தேயிலைக்குள் நடந்து போகலாமே என்று வாசகர் கேட்பார். முதல் நாளே ஒருவரை அனுப்பிவிடுங்கள். காட்டுமாடு வழிமறித்து, அட்டை கடித்த காலோடு திரும்பி வரட்டும். அதன்பிறகு யாரும் கிளம்பாததற்குத் தனிக் காரணம் தேவைப்படாது.

பதில் 2:
போனை ஒரேயடியாகச் சாகடிக்காதீர்கள், அது ஆசிரியர் வசதிக்காகச் செய்தது என்று தெரிந்துவிடும். கரண்ட் போனதும் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு சிக்னல் விட்டுவிட்டு வரும், பிறகு போகும். இந்த இடைவெளியிலேயே துப்பு கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சிக்னல் இல்லாமல் அனுப்பினால் கடிகாரக் குறி நிற்கும். ஒரு டிக் என்றால் சர்வருக்குப் போனது, இரண்டு டிக் என்றால் எதிராளி போனுக்கே போய்விட்டது. "ஒன்பது மணிக்கே சிக்னல் போயிடுச்சு, அதான் யாரையும் கூப்பிடலை" என்று சொன்னவர் போனில் 11.40 நேரமிட்ட செய்திக்கு இரண்டு டிக் இருந்தால், 11.40க்குப் பிறகு சிக்னல் இருந்திருக்கிறது. பங்களாவில் வைஃபை வைக்காதீர்கள், வைத்தால் இந்தத் துப்பு செல்லாது.

பொய்ப் பெயரில் வருகிறவர் உண்டென்றால், 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நீலகிரிப் பதிவெண் (டிஎன் 43) உள்ள வண்டிக்கும் அரசு பஸ்ஸில் வருபவருக்கும் தேவையில்லை. மறைய நினைப்பவர் சொந்தக் காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறுவார். காரே இல்லாத பணக்காரர் என்பது நல்ல உறுத்தல்.

பதில் 3:
அந்த இருவருக்கான துப்பைத் தமிழே தரும். முப்பதுகளில் உள்ள ஓர் ஆணும் பெண்ணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லார் முன்னாலும் "சார்", "மேடம்", "வாங்க", "போங்க". கரண்ட் போய் விளக்குச் சிம்னி உடைகிறது. அவன் வாயிலிருந்து, "பாத்து வா, கண்ணாடி கிடக்கு." அடுத்த வரியிலேயே மறுபடி "மேடம்". அங்கே நீங்கள் ஒரு சொல்லும் விளக்கக் கூடாது. வயதில் மூத்தவருக்கு இந்த வரியைக் கொடுத்தால் வீணாகிவிடும், பெரியவர் சின்னவரை "வா" என்பது சகஜம்.

இன்னொன்று "நாங்க". தனியாக வந்ததாகச் சொல்லும் பெண், மழையைப் பற்றி எல்லாரும் பேசும்போது, "பஸ் ஸ்டாண்டுல நாங்க டீ குடிக்கிறப்பவே தூற ஆரம்பிச்சிடுச்சு" என்கிறாள். யாரோடு குடித்தாள்? இதை இரண்டாம் அத்தியாயத்தில் வைத்து, கண்ணாடி உடையும் காட்சியை ஐம்பது பக்கம் தள்ளி வையுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வாசகர் பிடித்துவிடுவார்.

கேட்டவர்:
முதல் அத்தியாயத்தில் "எட்டுப் பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்" என்று கதைசொல்லியே சொல்கிறாரே?

பதில் 3:
அந்த வரியை எடுத்துவிடுங்கள். கதைசொல்லி மறைக்கலாம், பொய் சொல்லக் கூடாது. "தெரியாதவர்கள் போல" என்று மாற்றினால் அந்த "போல" காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: யார் எந்த ஆட்டோவில் வந்து இறங்கினார், யார் பெட்டியை யார் தூக்கினார். தெரியாதவர்கள் என்பதை மேனேஜர் சொல்லட்டும், அவர் ஏமாந்தால் தவறில்லை.