எஃப்2-ல (பேரப்பிள்ளை தலைமுறை) ஒரு வகை ஈ வரவே மாட்டேங்குது, 9:3:3:1 எங்க போச்சு? அவசரம்

காட்பாடி பொண்ணு: ஃப்ளை லேப் சிமுலேஷன்ல (கம்ப்யூட்டர்ல பழ ஈ வளர்க்கறது) டைஹைப்ரிட் க்ராஸ், அதாவது ரெண்டு குணத்துக்கான கலப்பு போட்டேன், எஃப்1 (முதல் தலைமுறை) எல்லாம் நார்மல், எஃப்2-ல நாலு வகை ஈயும் 9:3:3:1-ல வரணும் ஆனா வரல, கை-ஸ்கொயர் (எதிர்பார்த்ததுலேருந்து எவ்ளோ விலகிடுச்சுங்கிற அளவு) 102ன்னு காட்டுது, நாளைக்கு ரெக்கார்ட் வைக்கணும், சாஃப்ட்வேர்ல ஏதாவது தப்பா? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

குடியாத்தம்காரன்: எந்த ரெண்டு குணம்மா எடுத்த? மொத்தம் எத்தனை ஈ? ஒண்ணும் சொல்லலன்னா நாங்க இன்னான்னு சொல்றது

ஆரணி ஸ்டாட்ஸ்: சாம்பிள் சின்னதா இருக்கும். 50 ஈ வெச்சுகினு ரேஷியோ பாக்கக் கூடாது.

குடியாத்தம்காரன்: 50 ஈக்கு 102 வர்றது ரொம்ப கஷ்டம்ங்க. நாலு வகைன்னா 3 டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதுக்கு கை-ஸ்கொயர் 7.815 தாண்டினாலே ஒத்துவரலன்னு அர்த்தம்.

காட்பாடி பொண்ணு: கறுப்பு உடம்பு பெண் x வெஸ்டிஜியல் (சுருங்கின) றெக்கை ஆண். எஃப்2-ல 1000 ஈ. நார்மல் 511, கறுப்பு 238, வெஸ்டிஜியல் 251, ரெண்டும் சேர்ந்தது 0

ராணிப்பேட்டை செல்வி: ரெண்டும் சேர்ந்த ஈ முட்டையிலயே செத்துடுது, லீத்தல். நான் அடிச்சு சொல்றேன்.

குடியாத்தம்காரன்: செத்துச்சுன்னா மிச்சம் 9:3:3, அதாவது 600, 200, 200 வரணுமே அக்கா. 511 எப்படி வரும்? அதுவுமில்லாம கறுப்பு-வெஸ்டிஜியல் ஈ உயிரோட மெனுலயே இருக்குமே.

பழைய ஜூவாலஜி: லிங்கேஜ் (ஒரே குரோமோசோம்ல இருக்கற ஜீன்கள் சேர்ந்தே போறது) பாடத்தைத் தொடாம மவுஸைத் தொட்டா இப்படித்தான். ரெண்டு ஜீனும் 2வது குரோமோசோம். ட்ரோசோஃபிலா (பழ ஈ) ஆணுக்கு க்ராஸிங் ஓவர், அதாவது ஜோடி குரோமோசோம்கள் துண்டு மாத்திக்கறது, கிடையாது, 1912லயே மரபியல் விஞ்ஞானி மோர்கன் எழுதிட்டாரு. எஃப்1 ஆண் கறுப்பு ஜீனையோ வெஸ்டிஜியல் ஜீனையோ ஒண்ணைத்தான் குடுக்கும், ரெண்டையும் சேர்த்துக் குடுக்காது. அதனால அம்மா என்ன குடுத்தாலும் 2:1:1 தான். இதுக்குத்தான் நிஜ ஈ வளர்க்கணும்ங்கிறேன், பொம்மை ஈயில என்னத்த கத்துப்பாங்க.

ராணிப்பேட்டை செல்வி: கத்திரி வெயில்ல ஏசி இல்லாத லேப்ல வளர்த்துப் பாருங்க சார். 25 டிகிரில பத்து நாளைக்கு ஒரு தலைமுறை, 30ஐத் தாண்டினா ஆண் ஈ மலடாயிடும். எங்க காலேஜ்ல பாட்டில் பாட்டிலா போச்சு.

பழைய ஜூவாலஜி: கூட்டுலேருந்து வந்த 8 மணி நேரத்துக்குள்ள கன்னி ஈயைப் பிரிக்கிற பழக்கம் கம்ப்யூட்டர்ல வருமா?

ராணிப்பேட்டை செல்வி: வராது சார், ஒத்துக்கறேன். ஆனா ஆயிரம் ஈயை ஒரே மதியத்துல எண்ணி, சந்தேகம் வந்தா அப்பவே வேற க்ராஸ் போட்டுப் பாக்கறது நிஜ லேப்ல எந்தப் புள்ளைக்குக் கிடைக்குது? இந்தப் பொண்ணுக்கு இந்த சந்தேகம் வந்ததே அதனாலதான்.

ஆரணி ஸ்டாட்ஸ்: பட்டுப்புழுவுல தலைகீழ், பெண்ணுக்குத்தான் க்ராஸிங் ஓவர் கிடையாது.

குடியாத்தம்காரன்: பேச்சு எங்கயோ போவுது. இந்தாம்மா, எஃப்1 பெண்ணை கறுப்பு-வெஸ்டிஜியல் ஆணோட போடு, அப்புறம் எஃப்1 ஆணை அதே மாதிரி பெண்ணோட போடு. குரோமோசோம் மேப்ல கறுப்பு ஜீன் 48.5-ல, வெஸ்டிஜியல் 67-ல, நடுவுல 18.5 யூனிட், அதாவது சுமாரா 18.5% ஈ புதுக் கலவையா (நார்மல், இல்ல ரெண்டும் சேர்ந்தது) வரணும். பெண் பக்கம் அது கிட்ட வருதான்னு பாரு.

காட்பாடி பொண்ணு: பெண் பக்கம் கறுப்பு 408, வெஸ்டிஜியல் 413, நார்மல் 92, ரெண்டும் சேர்ந்தது 87. இந்தக் கடைசி ரெண்டும் சேர்த்து 17.9%. ஆண் பக்கம் கறுப்பும் வெஸ்டிஜியலும் மட்டும் பாதிப்பாதி. ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, எழுதப் போறேன்

குடியாத்தம்காரன்: முதல் எஃப்2 ரிசல்ட்டை அடிச்சுடாத. அதை 2:1:1-க்கு கை-ஸ்கொயர் போடு, 0.82 வரும், 2 டிகிரிக்கு எல்லை 5.991. ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல எழுது.