கொலம்பியா ஆற்றோடு கடல்வரை: ட்ரெய்லர் பயணத்தில் எதிர்ப்பட்டவர்கள்

சென்ற செப்டம்பரில் நானும் மனைவியும் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றோரமாகவே மேற்கே போய், அஸ்டோரியாவில் கடலைத் தொட்டு, அங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கினோம். உள்ளேயே தங்கிக்கொள்ளும் 22 அடி ட்ரெய்லர், இழுக்க எங்கள் பிக்கப் ட்ரக், ஒன்பது நாள். இடங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

84-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆர்லிங்டன் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. உள்நாட்டு நிலம் வெயிலில் காய, கடலின் குளிர்காற்று மலைத்தொடரைப் பிளந்து ஆறு வரும் இந்த ஒரு வழியில்தான் புகுந்து கிழக்கே பாய்கிறது. ஹூட் ரிவர் ஊரில் பாய்மரப் பலகை ஓட்டுகிறவர்கள் வந்து குவிவது இந்தக் காற்றுக்காகத்தான். எங்களுக்கு அது எதிர்காற்று. பெரிய லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது ட்ரெய்லர் வாலை ஆட்டியது. ஸ்டியரிங் கையை மீறித் துடித்தது. மனைவி வாய்விட்டு முருகா என்றாள்.

ஓய்விடத்தில் நிறுத்தியபோது, பக்கத்திலிருந்த முதிய லாரி ஓட்டுநர் தானாகவே வந்து பின்பக்கப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு அரிசி மூட்டை, கிரைண்டர், கருவிப் பெட்டி. ட்ரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு, ட்ரக்கோடு அதை இணைக்கும் கொக்கியான ஹிட்ச்சின் மேல் அமர வேண்டும், வாலில் பாரம் ஏறினால் மூக்கு தூக்கிக்கொண்டு ஆடத்தான் செய்யும் என்றார். மூட்டைகளைத் தம் தோளிலேயே முன்பக்கம் கொண்டுபோய் வைத்தார். ஆட்டம் கண்டால் ட்ரக்கின் பிரேக்கை மிதிக்காதே, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்து என்பதையும் இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டார். அதன் பிறகு வண்டி நேர்கோட்டில் போயிற்று. அவர் பெயரைக் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

அடுத்தவர், கேஸ்கேட் லாக்ஸ் ஊரில் பாலத்தடியில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா. இந்த ஆற்றின் பழங்குடி மக்களுக்கு 1855 ஒப்பந்தத்தின்படி மீன்பிடி உரிமை உண்டு. கரையில் அவர்களே பிடித்து விற்கிறார்கள். பனிப்பெட்டியிலிருந்து ஒரு சால்மனைத் தூக்கி, அறுத்த இடத்தில் விரலால் அழுத்திக் காட்டினார். குழி விழுந்த சதை உடனே எழும்பி நிரம்பியது. காலையில் பிடித்தது என்றார்.

எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னதும், சலைலோவைக் கடந்துதானே வந்திருப்பீர்கள் என்றார். கடந்துதான் வந்தோம். அகன்று அசையாமல் கிடந்த நீரைப் பார்த்து ஏரி என்று நினைத்திருந்தேன். அது அருவி இருந்த இடமாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் பாறைகள்மேல் பலகை கட்டி நின்று மீன் பிடித்த இடம். 1957 மார்ச் 10 அன்று டால்ஸ் அணையின் மதகுகளை மூடினார்கள். சில மணி நேரத்தில் மூழ்கிவிட்டது. அவருடைய தாய் அப்போது சிறுமி, கரையில் நின்று பார்த்திருக்கிறார். அன்றிரவு அருவியின் சத்தம் கேட்காததால் தூங்க முடியவில்லை என்று தாய் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

என் அப்பாவின் பாட்டி, மேட்டூர் அணைக்காகக் காலி செய்த ஊரில் பிறந்தவர். 1934-இல் முடிந்த அணை அது. தண்ணீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அப்பா என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். இதைச் சொன்னபோது அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சலைலோவில் நீர்மட்டத்தை அப்படி இறங்க விடுவதில்லை. எங்களுடையது தெரிவதே இல்லை என்றார். மீனை வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்த பிறகும் எனக்குச் சாவியைத் திருப்ப மனம் வரவில்லை.

கடற்கரையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவில் தங்கினோம். 1906-இல் தரைதட்டிய பீட்டர் அயர்டேல் கப்பலின் இரும்பு எலும்புகள் இன்னும் மணலில் நிற்கின்றன. ஒரிகனில் 1967 சட்டப்படி கடற்கரை எல்லாருக்கும் பொது என்பதால், 101-ஆம் எண் சாலையில் எங்கே இறங்கினாலும் கால் நனைக்க முடிந்தது. முகாமில் ட்ரெய்லரைப் பின்னால் எடுக்க நான் தடுமாறியபோது பக்கத்து இடத்துப் பெண்மணி சொன்னதைப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்: ஸ்டியரிங்கின் அடியில் கை வையுங்கள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மூன்றாம் முறையில் சரியாக நின்றது.

மறுமொழி:

ஐயா, அதே ஆற்றில் பொன்னவில் அணையின் மீன் ஏணியை, அதாவது மீன்கள் அணையைத் தாண்டி மேலே ஏறக் கட்டிய படிக்கால்வாயை, பார்த்தீர்களா? கண்ணாடி வழியாக, நீரோட்டத்தை எதிர்த்து ஒரு சால்மன் வெகுநேரம் அதே இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வயிற்றில் காயம். என் மகள் கண்ணாடியில் கை வைத்து, போ, போ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் தம் தொப்பியைக் கழற்றினார். மீன் ஒரு உதை உதைத்து மேலே போய்விட்டது.