ஹார்ட் டிஸ்க் அடுத்தடுத்துப் படுத்த விஷயம்: காரணம் கிடைத்துவிட்டது

என் டெஸ்க்டாப்பில் எந்த ஹார்ட் டிஸ்க்கைப் போட்டாலும் சில மாதங்களில் பழுதாகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளை மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன், பலனில்லை.

அப்புறம் ஒருவர் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எண் வாரியாக எழுதிவைக்கும் கணக்கை, பார்க்கச் சொன்னார். அங்கேதான் துப்பு கிடைத்தது. டேட்டா கேபிள் கோளாறு என்றால் ஏற வேண்டிய 199-ஆம் எண், அதாவது சிஆர்சி பிழை (கேபிள் வழியே டேட்டா சிதைந்து வந்த தடவைகள்), பூஜ்ஜியத்திலேயே இருந்தது. 192 மட்டும் ஏறிக்கொண்டே போனது. மின்சாரம் திடீரென்று அறுந்து, டிஸ்க்கைப் படித்து எழுதும் ஹெட் அவசரமாக ஒதுங்கிய தடவைகளின் கணக்கு அது. ஆனால் கம்ப்யூட்டர் நடுவில் அணையவே இல்லை!

அப்படியென்றால் டிஸ்க்குக்குப் போகும் மின்சாரத்தில்தான் கோளாறு. உடனே மல்டிமீட்டரை எடுத்தேன். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் கனெக்டரில் 12 வோல்ட் அசையாமல் நின்றது. டிஸ்க்கை மாட்டியிருந்த பவர் ஸ்ப்ளிட்டரின் (ஒரு மின் இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் கேபிள்) காலி முனையில் வைத்துக்கொண்டு சின்னச் சின்னக் கோப்புகளை மொத்தமாக நகலெடுத்தால், 11.2 வரை இறங்கியது. 11.4-க்குக் கீழே போகவே கூடாது.

ஸ்ப்ளிட்டரைக் கழற்றினால், 12 வோல்ட் கொண்டுவரும் மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. டிஸ்க் போனதாவது பரவாயில்லை, இது தீப்பிடித்திருக்கவும் கூடும். வயர்களைச் சேர்த்து ஒரே பிளாஸ்டிக்காக வார்த்த கனெக்டர் உங்கள் கேபினெட்டில் இருந்தால் தயவுசெய்து திறந்து பாருங்கள்.

இப்போது டிஸ்க்கை நேரடி கனெக்டரில் மாட்டியிருக்கிறேன், 192 நகரவில்லை. பழைய டிஸ்க்குகளில் 5-ஆம் எண், அதாவது மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (கெட்டுப்போனதால் டிஸ்க் கைவிட்டு, வேறு இடம் கொடுத்த பகுதிகள்), ஏறிக்கிடக்கிறது. அவற்றை இனி நம்பப் போவதில்லை. படிக்க முடிந்த கோப்புகளை மட்டும் வேறு டிஸ்க்குக்கு மாற்றி வருகிறேன்.