நூறாண்டு வெள்ளக் கணக்கில் மாட்டிக்கொண்டேன், யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். வெள்ள அபாய ஆய்வில் பாதி வழியில் நிற்கிறேன். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு, 30 ஆண்டுகளுக்குள் ஒரு தடவையாவது வந்துவிட ஏறக்குறைய 26 சதவீதம். சரி, அது தெரிந்த கதைதான். ஆனால் நேற்றைய மழை மாதிரியேதான் நாளைய மழையும் பெய்யும் என்று நம்பினால்தானே இந்தக் கணக்கு நிற்கும்? காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவி பிடிக்கும் என்கிறபோது, அதை எப்படி நம்புவது?

அதனால் ஜிஇவி பரவலில் (ஆண்டு உச்ச வெள்ளம் போன்ற உச்ச அளவுகளுக்கான புள்ளியியல் பரவல்) இட அளவுருவை (பரவல் எந்த அளவைச் சுற்றி அமைகிறது என்று காட்டும் எண்) மட்டும் காலத்தோடு மாறவிட்டுப் பார்த்தேன். ஏறுமுகம் அழகாக வந்தது. கடைசி இரண்டு பெருவெள்ளங்களை எடுத்துவிட்டு ஓட்டினால் காணாமல் போய்விட்டது! 42 ஆண்டுத் தரவுதான் கையில் இருக்கிறது, அப்புறம் ஆற்றின் மேல்பகுதியில் காடு குறைந்து கட்டடங்கள் பெருகியிருக்கின்றன, எனவே குற்றம் மழை மேலா, நிலத்தின் மேலா என்றே பிரிக்க முடியவில்லை.

காலத்துக்குப் பதில் உலக சராசரி வெப்பநிலையைச் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டா? நிலப்பயன்பாட்டை எப்படித் தனியாகப் பிரித்தீர்கள்? அக்கம்பக்கத்து அளவீட்டு நிலையங்களின் தரவையும் சேர்த்துக்கொள்ளலாமா? ஆர் (R என்ற புள்ளியியல் கணினி மொழி) நிரல் இருந்தால் இன்னும் நல்லது, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.