‘டோன்’ என்பதற்கு இணையான சொல்: கிதார் ஒலிப்பதிவுக் குறிப்புக்காக

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

குழுவினருக்கு வணக்கம். ஒலிப்பதிவு பயிலும் மாணவர்களுக்காக, புகழ்பெற்ற கிதார் பதிவுகளைப் பற்றிய பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை காலை ஒப்படைத்தாக வேண்டும். ஆம்ப் (கிதாரின் ஒலியைப் பெருக்கும் கருவி), மைக், வால்வு (அக்கருவிக்குள் இருக்கும் வெற்றிடக் குழல்) எல்லாவற்றையும் ஒருவாறு கடந்துவிட்டேன். ‘டோன்’ என்ற சொல்லில்தான் இரண்டு நாளாக நிற்கிறேன். எரிக் கிளாப்டன் 1966இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவுடன் வெளியிட்ட இசைத்தட்டைப் பற்றி மூலம் சொல்வது இது: பதிவின் துல்லியம் சாதாரணமானதே, ஆனால் அந்தக் கிதாரின் டோனை எட்டத்தான் பின்வந்தவர்கள் பாடுபட்டார்கள். நம் பள்ளி இயற்பியல் உரப்பு, சுருதி, தரம் என்று மூன்றைக் கற்பிக்கிறது. மூன்றாவதை எடுத்துக்கொண்டால் ‘ஒலித்தரம் சுமார், ஒலித்தரம் அருமை’ என்று ஒரே வரியில் எழுதியவள் ஆவேன். வழிகாட்டுங்கள்.

இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

எங்கள் பாடநூல்களில் அந்த மூன்றாவதன் பெயர் ‘பண்பு’. ‘ஒலிப்பண்பு’ என்று எழுதினால் குழப்பம் பாதி தீரும். பாதிதான், ஏனெனில் பண்பு என்பது அளவிடக்கூடியது. அடிப்படைச் சுரத்தோடு எந்தெந்த மேற்றொனி (உடன் ஒலிக்கும் உயர் அதிர்வெண்) எவ்வளவு வலுவோடு கலந்துள்ளது என்பதே அது. தகரக் குவளையைத் தட்டினாலும் அதற்கொரு பண்பு உண்டு. கிதார்க்காரர் ‘அவரிடம் டோன் இருக்கிறது’ என்னும்போது அதில் ஒரு பாராட்டும் சேர்ந்தே வருகிறது.

யாராவது ‘தொனி’யைக் கொண்டு வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். தொனி வடமொழியின் த்வனியிலிருந்து வந்தது. டோன், இழுத்துக் கட்டுதலைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல். தொனி என்று எழுதினால் வாசகர் பேச்சின் தொனியைத்தான் நினைப்பார்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

கிரேக்கச் சொல்லுக்கு இழுத்துக் கட்டுதலே பொருளாயின், யாழ் நரம்புக்கு நம்மிடம் ‘தொடை’ என்றொரு பெயர் இருப்பதையும், தொடுத்தல், தொடர், தொடலை ஆகிய அனைத்தும் கட்டுதலைச் சுற்றியே நிற்பதையும், மூலமெய் இரண்டிலும் தகரமாகவே இருப்பதையும் ஆசிரியர் நண்பர் ‘தற்செயல்’ என்று இவ்வளவு விரைவில் தள்ளியிருக்க வேண்டியதில்லை. இதை இங்கே விரிக்கவில்லை. தனி மடலில் விரிப்பேன்.

கேள்விக்கு வருகிறேன். நரம்பின் ஓசைக்கு நம் முன்னோர் நான்கு குற்றங்களை வகுத்திருந்ததைச் சிலப்பதிகார உரை காட்டும். இன்பமில்லாத ஓசை செம்பகை. அளவிறந்து இசைப்பது ஆர்ப்பு. மழுங்கி இசைப்பது கூடம். இழுமென்று, அதாவது இனிதாக, ஒலிக்காமல் சிதறுவது அதிர்வு. இவை பெரும்பாலும் மரத்தின் கேட்டால் வருவன. அதனால்தான் சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்னிடம் நீட்டப்பட்ட யாழ்களை, இது அழுகிய மரம், இது இடி விழுந்த மரம் என்று ஒவ்வொன்றாக விலக்குகிறான். குற்றத்துக்கு நான்கு பெயர் வைத்தவர்கள் குணத்துக்கு ஒன்று வைக்காமலா இருந்திருப்பார்கள்? அதிர்வின் இலக்கணத்துக்குள்ளேயே அது ஒளிந்திருக்கிறது: ‘இழும்’. தொல்காப்பியமும் ‘இழுமென் மொழி’ என்கிறது. இழைதல், இழை என்பவற்றோடு அதற்கு உறவு கற்பிக்கவும் இடமுண்டு. ஆகவே ‘இழுமம்’ என்பது என் பரிந்துரை.

ஒலிப்பதிவுப் பொறியாளர், சென்னை

பேராசிரியர் ஐயாவின் மடலைப் படித்தபின் மாலை முழுதும் எனக்கு வேலை ஓடவில்லை. அவர் குற்றமென்று வரிசைப்படுத்தியவை எங்கள் தொழிலில் பெருமைகள். கிளாப்டன் அந்த இசைத்தட்டுக்காகக் கிப்சன் லெஸ் பால் கிதாரை மார்ஷல் வால்வு ஆம்பில் இணைத்து, மேடையில் வாசிக்கும் அளவுக்கு உரக்கத்தான் வாசிப்பேன் என்று டெக்கா ஒலிக்கூடத்தில் பிடிவாதமாக நின்றார். அவ்வளவு உரக்க வாசிக்கும்போது, வால்வு தன் எல்லையைத் தொட்டு அலையின் முகடுகளைத் தட்டையாக்கும். கம்பியில் இல்லாத மேற்சுரங்கள் அங்கே பிறக்கும். ஒரு சுரம் தேயாமல் நீண்டு நிற்கும். அளவிறந்து இசைத்தல் என்ற இலக்கணம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆர்ப்புதான் அது! அதே கிளாப்டன் பிறகு கிரீம் குழுவில் இருந்தபோது, கிதாரிலுள்ள டோன் குமிழைக் குறைத்து மேல் அதிர்வெண்களை வடித்துவிட்டு உண்டாக்கிய மொத்தையான, உருண்ட ஒலியைப் ‘பெண் டோன்’ என்று கொண்டாடுகிறார்கள். ஐயாவின் பட்டியலில் அது கூடம். லிங்க் ரே 1958இல் ‘ரம்பிள்’ பதிவுக்காக ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைக் குத்தித் துளைத்தாரே, அது ‘அதிர்வு’ அல்லாமல் வேறென்ன?

மரத்தோடு மட்டும் இதைக் கட்டவும் முடியாது. டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவின் 1985ஆம் ஆண்டு ‘மணி ஃபார் நத்திங்’ பாட்டை மொன்செராட் தீவின் ஏர் ஒலிக்கூடத்தில் பதிந்தபோது, மைக்குகள் நேராக வைக்கப்படாமல், ஒன்று தரையைப் பார்த்தபடியே நின்றிருந்தது. சரிசெய்யப் போனவரைத் தடுத்து, அந்த நிலையிலேயே பதிந்துவிட்டார்கள். பின்னர் வேறிடத்தில் முயன்றபோது அந்த ஒலி திரும்பக் கிடைக்கவில்லை. கை, கம்பி, மரம், ஆம்ப், அறை, மைக் நின்ற கோணம் எல்லாம் சேர்ந்ததுதான் டோன்.

சொல்லைப் பொறுத்தவரை, எங்கள் கூடத்துக்கு வீணையோ மிருதங்கமோ வந்தால் ‘நாதம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லாத ஆளில்லை. பாராட்டும் அதிலேயே இருக்கிறது. ‘நாதம்’ போதும்.

பள்ளித் தமிழாசிரியர், தஞ்சாவூர்

நாதம் வடசொல் என்பதை ஒருவரும் சொல்லவில்லையே என்று வியக்கிறேன். ‘குரல்வளம்’ என்ற உயிருள்ள தமிழ்ச்சொல் வீட்டிலேயே இருக்கும்போது, அதன் அச்சில் ‘ஒலிவளம்’ என்று வார்த்தெடுக்க என்ன தடை? இல்லையெனில் ‘ஒலிவண்ணம்’ என்க.

ஒலிப்பதிவுப் பொறியாளர், சென்னை

அம்மா, வளம் என்றால் நிறைவு. டயர் ஸ்ட்ரெயிட்ஸின் 1978ஆம் ஆண்டு ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ பாட்டில் மார்க் நாஃப்லர் மீட்டுக்கட்டை இல்லாமல் வெறும் விரலால் மீட்டுகிறார். அந்த ஒலி மெலிந்தது, உலர்ந்தது, இடைவெளி நிறைந்தது. அதன் அழகே அந்த மெலிவுதான். அதைப் போய் ‘நல்ல ஒலிவளம்’ என்றால் மாணவன் வேறு எதையோ தேடுவான்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

‘வண்ணம்’ ஆகாது. தொல்காப்பியர் இருபது வண்ணங்களைச் செய்யுளின் சந்த வேறுபாட்டுக்கு வைத்துவிட்டார்.

இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

எட்டி வான் ஹேலனின் ஒலியைப் ‘பழுப்பு ஒலி’ என்பார்கள். அண்ணன் அலெக்ஸின் ஸ்நேர் டிரம்முக்கு எட்டி சொன்ன அடைமொழி கிதாருக்கு ஒட்டிக்கொண்டது. இது குறிப்பில் வந்தால் ‘பழுப்பு ஒலிவண்ணம்’ என்று நிறத்துக்கு நிறம் பூச வேண்டிவரும் என்பதையும் கவனிக்க.

மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

அனைவருக்கும் நன்றி. இன்று ஞாயிறு இரவு; இதற்கு மேல் காத்திருக்க இயலவில்லை. பதிவின் துல்லியத்தைப் ‘பதிவுத்தரம்’ என்றும், டோனை ‘நாதம்’ என்றும் எழுதிவிட்டேன். தஞ்சாவூர் அம்மாவின் மறுப்பை அடிக்குறிப்பில் காட்டியுள்ளேன். கிதாரிலுள்ள குமிழை மட்டும் ‘டோன் குமிழ்’ என்றே விட்டேன். அதில் அச்சிட்டிருப்பது அதுதான், கடையில் கேட்டால் கிடைப்பதும் அதுதான். ஆம்ப் எல்லை மீறி ஒலிப்பதற்கு மூன்று பக்கமாக ‘மிகையுருக்குலைவு’ என்று எழுதி வந்ததை அடித்துவிட்டு ‘ஆர்ப்பு’ என்று மாற்றினேன். படித்துப் பார்த்த மாணவர் ஒருவர் பொருளே கேட்காமல் புரிந்துகொண்டார்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

இழுமம் ஏற்கப்படாததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆர்ப்பு குற்றத்தின் பெயர், அம்மா. அதைப் புகழ்ச்சியாக அச்சிடுவதற்கு என் உடன்பாடு இல்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். தொடை பற்றிய மடல் நாளை வரும்.