மறுமொழி: ‘ஃபிஷிங் சார்ட்டர்’ – பட்டயப் படகு வேண்டாம், அமர்த்துபடகு என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். சுற்றுலாக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் நண்பர், ‘ஸ்மால் குரூப் ஆஃப்ஷோர் ஸ்போர்ட் ஃபிஷிங் சார்ட்டர்’ என்னும் நீண்ட தொடருக்கு, அதாவது சிறு குழுவாகப் படகையும் படகோட்டியையும் பேசி எடுத்து, கரைக்கு அப்பால் தொலைவு சென்று தூண்டிலில் மீன் பிடிக்கும் பயணத்துக்கு, தமிழில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தார். இதுவரை வந்த மடல்களில் ‘பட்டய மீன்பிடிப் படகு’, ‘வாடகை மீன்பிடிப் படகு’, ‘ஆழ்கடல் விளையாட்டு மீன்பிடி’ ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. மலேசியாவின் பகாங் மாநிலத்தில், தென்சீனக் கடலை ஒட்டியுள்ள கோலா ரொம்பினிலிருந்து இத்தகைய படகில் சில முறை சென்று வந்தவன் நான். இம்மூன்றையும் ஏற்க ஏன் தயங்குகிறேன் என்பதையும், மாற்றாக எவற்றைப் பரிந்துரைக்கிறேன் என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘பட்டயம்’. ஆங்கிலத்தில் ‘சார்ட்டர்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. மன்னரோ அரசோ எழுதிக் கொடுக்கும் உரிமை ஆவணம் ஒன்று. கப்பலையோ விமானத்தையோ ஒரு பயணத்துக்கென முழுதாகப் பேசி எடுத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாம் பொருளுக்கும் அடியில் ஓர் ஆவணம் இருந்தது உண்மைதான். கப்பல் வணிகத்தில் இன்றும் வழங்கும் ‘சார்ட்டர் பார்ட்டி’ என்ற ஒப்பந்தப் பெயர், ‘பிளந்த தாள்’ என்று பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து வந்தது. ஒப்பந்தத்தை ஒரே தாளில் இருமுறை எழுதி, இரண்டாக அறுத்து, கப்பல்காரரும் சரக்குக்காரரும் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வரலாறு ஐரோப்பியத் துறைமுகங்களின் வரலாறு. தமிழில் ‘பட்டயம்’ அந்த வழியில் வளரவில்லை. நமக்குப் பட்டயம் என்றால் செப்புப் பட்டயம், பட்டயக் கணக்கர், பட்டயப் படிப்பு. ‘பட்டயப் படகு’ என்று படிப்பவர், அரசு ஏதோ சான்றிதழ் கொடுத்த படகு என்றுதான் எண்ணுவார். எனவே அகராதியில் ‘சார்ட்டர்’ என்ற தலைச்சொல்லுக்கு நேரே முதலில் கண்ட சொல்லை எடுத்துப் படகின் மேல் ஒட்டுவதை நாம் தவிர்க்க வேண்டும்.

‘வாடகைப் படகு’ அவ்வளவு பிழையில்லை, ஆனால் போதாது. வாடகை சைக்கிளை நாமே மிதிக்கிறோம். ஏரியில் வாடகைக்கு எடுத்த படகை நாமே ஓட்டுகிறோம். இங்கோ படகோடு படகோட்டி வருகிறார், கடலறிவு வருகிறது, தூண்டில்கோலும் இரையும் பனிக்கட்டிப் பெட்டியும் வருகின்றன. கட்டணத்தின் பெரும்பகுதி பலகைக்கும் இயந்திரத்துக்கும் அன்று. மீன் இன்று எங்கே நிற்கும் என்று அறிந்த அந்த மனிதருக்கு. ‘குத்தகை’யும் பொருந்தாது. அது ஒரு பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரிமையைக் கைமாற்றுவது.

இந்த இடத்தில் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை காத்திருக்கிறது என்பது என் கருத்து. வழக்கறிஞரை அமர்த்துகிறோம், திருமணத்துக்குச் சமையற்காரரை அமர்த்துகிறோம், ஊருக்குப் போக வண்டி அமர்த்துகிறோம். பொருளையும் அதை இயக்கும் ஆளையும் ஒருசேர நம் தேவைக்கென ஒதுக்கி வைத்துக்கொள்வதுதான் ‘அமர்த்துதல்’. ஆகவே ‘அமர்த்துபடகு’ என்று பரிந்துரைக்கிறேன். தூத்துக்குடி நண்பர் தனிமடலில் ‘அமர்த்துப் படகு’ என்று ஒற்று மிக வேண்டாமா எனக் கேட்டார். தள்ளுவண்டி, சுடுசோறு, ஊறுகாய் போல இதை வினைத்தொகையாகக் கொள்வதால் ஒற்று மிகாது. அமர்த்திய படகு, அமர்த்துகின்ற படகு, அமர்த்தும் படகு என்று முக்காலத்தையும் அது உள்ளடக்கிக்கொள்ளும். இதே அச்சில் ‘அமர்த்துவண்டி’, ‘அமர்த்துவிமானம்’ என்றும் வார்க்கலாம் என்பது கூடுதல் நன்மை.

இனி ‘ஸ்மால் குரூப்’ என்பதை வெறும் ‘சிறுகுழு’ என்று போட்டுக் கடந்துவிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன், ஏனெனில் பணம் தொடர்பான குழப்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் நால்வர் முதன்முறை சென்றபோது தொலைபேசியில் சொல்லப்பட்ட தொகை படகு முழுமைக்கும் உரியதென்று மூவர் எண்ணியிருந்தோம். ஒருவர் மட்டும் அது தலைக்கு இவ்வளவு என்று புரிந்துகொண்டு, அவ்வளவு பணம் தம்மால் இயலாதென்று வராமலேயே இருக்கப் பார்த்தார். படகுக்காரர் பொய் சொல்லவில்லை. எங்களிடம்தான் சொல் இல்லை. எனவே மூன்று ஏற்பாடுகளுக்கும் மூன்று பெயர்கள் தேவை. ஒரே குழு படகை முழுதாக எடுத்துக்கொள்வது ‘முழுப்படகு அமர்த்தல்’. அறிமுகமில்லாத இரண்டு மூன்று சிறு குழுக்கள் செலவைப் பகிர்ந்து ஒரே படகில் செல்வது ‘பங்குப் படகு’. பெரிய படகில் பலரை ஏற்றிக்கொண்டு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவதை ஆங்கிலத்தில் ‘ஹெட்போட்’ என்கிறார்கள். ‘தலைக்கு இவ்வளவு’ என்பது நம் அன்றாடப் பேச்சிலும் இருப்பதால் அதைத் ‘தலைக்கணக்குப் படகு’ எனலாம். இவற்றுக்கு இடையிலுள்ள கோடு சட்டத்திலும் உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல்படை தரும் படகோட்டி உரிமங்களுள், கட்டணம் செலுத்தும் பயணிகள் அறுவர் வரை மட்டும் ஏற்றிச் செல்வதற்கானது ஒன்று. படகுத்துறைகளில் அதற்குச் ‘சிக்ஸ் பேக்’ என்றே பெயர். அறுவருக்கு மேல் ஏற்றினால் படகு அரசின் ஆய்வுக்கு உட்பட்டுச் சான்று பெற வேண்டும். சிறுகுழு என்பது அங்கே ஓர் எண்ணிக்கை.

அடுத்ததாக ‘ஸ்போர்ட் ஃபிஷிங்’. ‘விளையாட்டு மீன்பிடி’ என்பதில் எனக்குள்ள தடை, தமிழில் ‘விளையாட்டாக’ என்றால் பொறுப்பில்லாமல் என்றும் பொருள்படுவது. ‘பொழுதுபோக்கு மீன்பிடி’ என்பது குளக்கரையில் ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பவருக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஏனெனில் இது விதிகளால் ஆனது. 1939இல் தொடங்கப்பட்ட ‘இன்டர்நேஷனல் கேம் ஃபிஷ் அசோசியேஷன்’ என்ற அமைப்பின் விதிப்படி, மீன் இரையைக் கவ்வியது முதல் அதைப் படகருகே கொண்டுவரும் வரை தூண்டில்காரர் தனியாகவே போராட வேண்டும். வேறொருவர் கோலையோ தூண்டில் நூல் சுற்றிய ராட்டையோ தொட்டாலே அந்த மீன் சாதனைக் கணக்கில் சேராது.

நான் ‘தூண்டில் வேட்டம்’ என்று சொல்ல விரும்புகிறேன். சங்க நெய்தல் பாடல்களில் பரதவர் கடலுக்குச் சென்று மீன் பிடிப்பது ‘வேட்டம்’ என்றே வருகிறது. இன்று அச்சொல் வழக்கில் இல்லாததால் புதிய பொருளை ஏற்க அதற்கு இடமிருக்கிறது. மேலும், கடற்கரையில் வாழ்பவர்கள் தம் உழைப்பைத் ‘தொழில்’ என்கிறார்கள். ‘தொழிலுக்குப் போயிருக்கிறார்’ என்றால் கடலுக்குப் போயிருக்கிறார் என்று பொருள். கிடைத்த மீனை ‘மீன்பாடு’ என்கிறார்கள். அந்தச் சொற்களை விடுமுறைக்கு வந்தவர்களுக்காக நாம் எடுத்துவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. பிழைப்புக்குச் செல்பவருக்கும் விருப்பத்துக்குச் செல்பவருக்கும் ஒரே சொல்லை வைத்தால், நாளை சட்டத்திலும் மானியத்திலும் அந்தக் குழப்பம் நுழையும்.

‘வேட்டம் என்றால் கொல்வதல்லவா, இவர்கள் மீனை விட்டுவிடுகிறார்களே’ என்று சிங்கப்பூர் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. ரொம்பினில் நான் கண்டதைச் சொல்லி விடை தேட முயல்கிறேன். காலையில் முதலில் செல்வது ‘உஞ்சாம்’ இருக்கும் இடத்துக்கு. தென்னை ஓலைகளைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் நிறுத்தி மீனைக் கூட்டும் அமைப்புக்கு மலாய் மீனவர் இட்ட பெயர் அது. அங்கே இறகு கட்டிய பல சிறு முட்கள் கோத்த தூண்டிலால், நாங்கள் ‘அப்போலோ’ என்போமே, அதனால், சிறு மீன்களை உயிரோடு பிடித்து நீர்த்தொட்டியில் விட்டுக்கொள்வார்கள். பிறகு பறவைகள் தாழ்ந்து வட்டமிடும் இடம் தேடிச் சென்று, உயிர்மீனை முள்ளில் கோத்து, சிறு பலூனை மிதப்பாகக் கட்டி மிதக்கவிடுவார்கள். நான் கோலைப் பிடித்திருந்த அன்று, பலூன் இருமுறை நடுங்கியது, பிறகு பக்கவாட்டில் ஓடத் தொடங்கியது. பழக்கதோஷத்தில் நான் சுண்டி இழுக்கக் கை எடுத்தபோது, தெக்கோங் (எங்கள் படகோட்டி) என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தங்கூசி (தூண்டிலின் நைலான் இழை) தானாக இறுகும் வரை காத்திருக்க வேண்டும். இறுகியதும், முனை உள்நோக்கி வளைந்த வட்டமுள் திரும்பி வாயின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். அரைமணி நேரத்துக்குப் பின் மீன், ஒரு மயில் மீன் (‘செயில் ஃபிஷ்’), படகோரம் வந்தது. கையுறை அணிந்த கையால் அதன் நீண்ட அலகைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, படகை மெல்ல நகர்த்தியபடியே நீருக்குள் அதை வைத்திருந்தார் அவர். செவுள் வழியே நீர் ஓட வேண்டும் என்பதற்காக. மங்கியிருந்த உடலில் நீலக் கோடுகள் மீண்டும் தெளிந்தபோது கையைத் தளர்த்தினார். மீன் போனது. வேட்டத்தின் தேடலும் காத்திருப்பும் போராட்டமும் அதில் முழுமையாக இருந்தன. எனவே சொல் பொருந்துகிறது என்றே கருதுகிறேன். விடுவதைச் சொல்ல வேறொரு சொல்லை உடன் வைப்போம்.

அந்தச் சொல்லில்தான் கவனம் தேவை. ‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’ என்பதற்குப் ‘பிடித்து விடுதல்’ என்று ஒரு மடலில் வந்திருந்தது. தமிழில் ‘விடு’ துணைவினையாகவும் வருமே! ‘மீனைப் பிடித்துவிட்டான்’ என்றால் பிடித்து முடித்தான் என்று பொருள். விடுவித்தான் என்பதன் நேர் எதிர். எழுத்தில் ஓர் இடைவெளி மட்டுமே இரண்டையும் பிரிக்கிறது, பேச்சில் அதுவும் இல்லை. ‘இங்கே மீனைப் பிடித்து விடவும்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால், படிப்பவர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ‘மீளவிடுதல்’ என்பது இந்தக் குழப்பத்துக்கு இடம் தராது: ‘பிடித்து மீளவிடுதல்’, ‘மீளவிடு வேட்டம்’.

ஓடும் படகின் பின்னால் தூண்டிலை ஓடவிடும் ‘ட்ரோலிங்’ என்பதற்கு ‘இழுவைத் தூண்டில்’ வேண்டவே வேண்டாம். இழுவை என்ற சொல்லை ‘ட்ராலிங்’ ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. இழுவைமடி கடலடியை வாரிச் செல்லும் வலை. பாக் நீரிணையின் இரு கரையிலும் அச்சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு வேதனை இருக்கிறதென்று இலங்கை நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தாலேயே தடைசெய்தது. ஓடும் படகின் பின்னால் நாலைந்து தூண்டில்களை ஓடவிடும் முறையை அதே சொல்லால் குறிப்பது இரண்டுக்கும் அநீதி. ‘ஓடுதூண்டில்’ என்போம்.

சிறு கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ‘ரீல்’ என்பதற்கு ராட்டு. மீன் வலிந்து இழுக்கும்போது தங்கூசி அறாமல், ஆனால் தடையோடு வெளியேற விடும் ‘டிராக்’ அமைப்புக்கு ‘நெகிழ்பிடி’. ‘சர்க்கிள் ஹூக்’ என்பதை ‘வளைமுள்’ என்றால் வளையாத தூண்டில்முள் ஏது என்ற கேள்வி வரும். முனை உள்நோக்கித் திரும்பி ஏறத்தாழ வட்டத்தை மூடுவதால் ‘வட்டமுள்’ சரி. செயற்கை இரைகள் அனைத்துக்கும் ‘பொய்யிரை’. அவற்றுள் பளபளக்கும் உலோகத் துண்டான ‘ஜிக்’ என்பதற்கு மட்டும், சூதின் வெற்றியைச் சொல்லும் குறளில் வரும் ‘தூண்டிற்பொன்’ என்ற சொல்லைத் தரலாமே என்று ஒரு மூத்த நண்பர் எழுதியிருந்தார். அங்கே பொன் என்பது இரைக்குள் மறைந்த இரும்பு முள். ஜிக்கில் உலோகமே இரையாக நடிக்கிறது; பொருள் சற்றே நகர்ந்தாலும் இவ்வளவு அழகான சொல்லை விட எனக்கு மனமில்லை. என் ஒப்புதலைப் பதிவு செய்கிறேன்.

‘ஆஃப்ஷோர்’ என்பதற்கு ‘ஆழ்கடல்’ வேண்டாம் என்பதற்கு ரொம்பினே சான்று. கரை கண்ணுக்கு மறையும் தொலைவு சென்றாலும் அங்கே கடல் ஆழமற்றதுதான். தூரமும் ஆழமும் வேறு வேறு. தமிழ்நாட்டில் ஆழ்கடல் மீன்பிடி என்பது சூரை மீனுக்குச் செல்லும் பெரிய படகுகளைக் குறித்து நிலைபெற்றுவிட்டது. ‘வெளிக்கடல்’ என்பது தூரத்தை மட்டும் சொல்கிறது. அதுவே நமக்கு வேண்டியது.

கையேட்டு நண்பருக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலம் ஆறு சொற்களை வரிசையாக அடுக்குகிறது என்பதற்காக நாமும் அடுக்க வேண்டியதில்லை. ‘நால்வர் ஐவராகப் படகு அமர்த்திக்கொண்டு வெளிக்கடலில் தூண்டில் வேட்டம்’ என்று தலைப்பிட்டால் யாருக்கும் விளங்கும். அட்டவணையிலும் கட்டண விவரத்திலும் மட்டும் ‘அமர்த்துபடகு’, ‘பங்குப் படகு’ என்ற கலைச்சொற்கள் வரட்டும்.

மீதமிருப்பது படகோட்டியின் பெயர். எங்கள் பக்கத்துத் ‘தெக்கோங்’ மலாய்க்காரர் தந்தது. தமிழகக் கரையில் ‘தண்டல்’ உண்டு. கையேட்டில் ‘கேப்டன்’ என்று இருக்கும் இடங்களில் எல்லாம் தண்டல் என்றே எழுதலாம் என நினைக்கிறேன். ஆனால் நாகப்பட்டினம், இராமேசுவரம் பக்கத்து நண்பர்கள் அச்சொல் இன்றும் மதிப்போடு வழங்குகிறதா என்று கரையில் கேட்டுச் சொன்ன பிறகே முடிவு செய்வோம். மீனின் பெயரில் மட்டும் ஐயமில்லை. முதுகுத் துடுப்பைப் பாயாகக் கண்ட மலாய்க்காரர் அதை ‘லாயாரான்’ என்றார். தோகையாகக் கண்ட நம்மவர் ‘மயில் மீன்’ என்றார். ‘செயில் ஃபிஷ்’ என்பதைப் ‘பாய்மர மீன்’ என்று மொழிபெயர்த்திருக்கும் பக்கத்தை அன்புகூர்ந்து திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து ஒரு குழும உறுப்பினர்