மறு: ‘பெயர்புற்று’ – ஒற்று மிகுமா, மிகாதா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தாவரங்களிலிருந்து எடுக்கும் புற்றுநோய் மருந்துகளைப் பற்றி நோயாளிகளுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். புற்று தொடங்கிய இடத்திலிருந்து வேறொரு உறுப்புக்குப் போய்க் குடியேறுவதைக் குறிக்கும் ‘மெட்டாஸ்டாசிஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து இந்தப் பதில்.

> ‘பரவிய புற்று’ என்றால் எல்லோருக்கும் புரியுமே, புதிதாக எதற்கு?

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. அடையாறில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கிச் சிகிச்சை பெறும் ஒரு அம்மாவிடம் வரைவைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தி, “பரவுதுன்னு போட்டிருக்கே தம்பி, அப்ப பேரனைத் தூக்கக் கூடாதா?” என்று கேட்டார். கொரோனாவுக்குப் பிறகு ‘பரவல்’ என்றாலே தொற்று என்றுதான் காதில் விழுகிறது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. மார்பகத்தில் தொடங்கிய புற்று எலும்பில் போய் உட்கார்ந்தாலும் அது மார்பகப் புற்றுதான். செல்கள் அங்கிருந்து வந்தவை, மருந்தும் பெரும்பாலும் அதற்குரியதுதான். ஆனால் ‘எலும்புக்குப் பரவிவிட்டது’ என்று கேட்டவர்கள் வீட்டுக்குப் போய், ‘எலும்புப் புற்றாம்’ என்று சொல்கிறார்கள். அப்புறம் எதற்கு மார்பகப் புற்று மருந்து ஏற்றுகிறார்கள் என்று குழம்புகிறார்கள். இந்தக் குழப்பத்தைச் சொல்லே தீர்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

குழுவில் வந்த சொற்களில் ‘விதைப்புற்று’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. 1889-இல் லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர் 735 மார்பகப் புற்று நோயாளிகளின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, புற்றுச் செல் விதை மாதிரி, ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். அழகான உவமை. ஆனால் தமிழில் விதைப்புற்று என்றால் விதைப்பையில் வரும் புற்று என்றுதான் படிப்பார்கள். விட்டுவிட்டேன். ‘புலம்பெயர் புற்று’க்கு டொராண்டோ நண்பர், “நாங்கள் பட்டது போதாதா, எங்களைப் புற்றோடும் சேர்க்க வேண்டுமா?” என்று எழுதிய ஒரு வரிக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தச் சொல்லிலிருந்து ‘புல’த்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் என் பரிந்துரை: பெயர்புற்று. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. பெயர்ந்த புற்று, பெயர்கின்ற புற்று, பெயரும் புற்று என்று மூன்று காலமும் அதில் அடங்கும். இந்த நோயின் சுபாவமும் அதுதான். இன்னொரு லாபமும் உண்டு. ‘பெயர்’ என்றால் நாமமும்தானே? எங்கே போனாலும் பிறந்த இடத்தின் பெயரைச் சுமந்துகொண்டே போகிற புற்று. அந்த அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பார்த்தேன். “கல்யாணம் ஆகிப் போனாலும் ஊர்ப்பேரைச் சொல்லித்தானே கூப்பிடறாங்க, அந்த மாதிரி” என்றார். என் இரண்டு பத்தி விளக்கம் வீண்.

தலைப்பில் உள்ள கேள்விக்கு: வினைத்தொகையில் ஒற்று மிகாது. ‘பெயர்ப்புற்று’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

> சனிப்பெயர்ச்சியில் சனி பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுத்தானே போகிறார்? இங்கே பழைய புற்று அப்படியே இருக்கலாமே?

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசிக்க வைத்தது. எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஒவ்வொரு மழைக்கும் காரை பெயர்ந்து விழுகிறது. அதற்காகச் சுவர் போய்விடவில்லையே! காரை பெயர்வதும் பெயர்வதுதான்.

தொடங்கிய இடத்துக் கட்டிக்கு ‘மூலப்புற்று’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மூலம் என்றால் நம் ஊர் மருந்துக்கடையில் என்ன எடுத்துத் தருவார்கள் என்று யோசியுங்கள். ‘முதற்புற்று’ போதும்.

> கையேட்டின் தலைப்பில் ‘மூலிகை மருந்துகள்’ என்றே போடலாமே?

இதற்கு மட்டும் நான் இணங்கவே மாட்டேன். நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அது இல்லாத காம்பவுண்டுச் சுவர் உண்டா? சர்க்கரைக்கு என்று அதன் பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சர்க்கரைக்கு மருந்து தேடித்தான் ஜமைக்காவிலிருந்து வந்த இலையை ஆராய்ந்தார்கள்; சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் இறங்கின. அப்படிக் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்று மருந்து. அதில் 1 கிராம் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். நரம்பில் ஏற்றும்போது சற்று வெளியே கசிந்தாலும் சதையைப் புண்ணாக்கும் மருந்து. இதை ‘மூலிகை’ என்று அச்சடித்தால், யாராவது ஒருவர் நாளைக்கே சுவரோரம் போய் இலை பறிப்பார்.

ஆகவே ‘தாவரவழிச் சேர்மம்’ என்கிறேன். சேர்மம் பள்ளிப் பாடநூல் சொல். ‘வழி’ என்றால் செடியிலிருந்து வந்தது, செடியே அல்ல என்று ஆகிவிடும். பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த பேக்லிடாக்சல் என்ற புற்று மருந்தின் கட்டமைப்பை மன்சுக் வானி, மன்ரோ வால் என்ற வேதியியலாளர்கள் 1971-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அது 1992-இல் சூலகப் பெயர்புற்றுக்கும் 1994-இல் மார்பகப் பெயர்புற்றுக்கும் ஒப்புதல் பெற்றது. பார்த்தீர்களா, சொல் வாக்கியத்தில் உறுத்தாமல் உட்காருகிறது! இன்று அதைப் பட்டைக்காக மரத்தை வெட்டாமல், வேறொரு யூ மரத்தின் ஊசியிலைச் சேர்மத்திலிருந்து செய்யலாம். சீன மரம் ஒன்றின் கேம்ப்டோதெசின் என்ற சேர்மத்திலிருந்து வந்த இரினோடீகன் மருந்து, 1996-இல் பெருங்குடல் பெயர்புற்றுக்கு ஒப்புதல் பெற்றது.

வேலை செய்யும் விதத்துக்குக் கட்டடச் சாரத்தை உவமையாக வைத்திருக்கிறேன். இரண்டாகப் பிரியப்போகும் செல் தனக்குள் ஒரு சாரம் கட்டும். நித்தியகல்யாணி மருந்து அதைக் கட்ட விடாது. யூ மருந்து கட்டியதைப் பிரிக்க விடாது. இரண்டிலும் செல் சிக்கிக்கொள்ளும்.

மருத்துவர் அக்கா ஒரு திருத்தம் அனுப்பினார், அதை அப்படியே ஏற்கிறேன். இந்த மருந்துகள் புற்று எங்கே இருந்தாலும் பிரியும் செல்லைக் கொல்பவை. பெயர்வதையே தடுப்பவை என்று சொல்ல முடியாது. அதனால் ‘பெயர்வுத்தடுப்பி’ என்ற சொல்லை இவற்றுக்குப் போடாமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மஞ்சளின் குர்க்குமின் ஆய்வகத் தட்டில் செல்களின் நகர்வைக் குறைத்ததாகக் கட்டுரைகள் ஏராளம். ஆனால் விழுங்கினால் உடல் உறிஞ்சுவது மிகக் குறைவு, புற்றுநோய் மருந்தாக ஒப்புதலும் இல்லை. அதற்கும் இப்போதைக்கு அந்தப் பட்டம் கிடையாது.

வெள்ளிக்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். ‘பெயர்புற்றாளர்’ என்று யாரும் பரிந்துரைக்க வேண்டாம். அவர்களை நோயாளி என்று சொன்னாலே போதும்.